மேலிருந்து இறங்கும் பந்து காலில் நிற்க என்ன பயிற்சி?

தெம்பனிஸ்_ரைட்பேக் · ஞாயிறு, இரவு 10:40

எல்லாருக்கும் வணக்கம். வயது 34, சிங்கப்பூர். ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்கள் குழுவோடு ஆடுகிறேன், வலப்பக்கத் தற்காப்பு. தரையோடு வரும் பந்தை வாங்கிக் கொடுப்பதில் எனக்குச் சிரமமில்லை. எதிரணி கோல்காப்பாளர் நீளமாக உதைத்து, பந்து மேலிருந்து இறங்கும்போதுதான் வயிற்றைக் கலக்குகிறது. காலில் பட்டதும் இரண்டு மூன்று மீட்டர் தள்ளி ஓடிவிடும்.

இன்றும் அப்படித்தான் ஆனது. 1-1 சமநிலை, கடைசிப் பத்து நிமிடம். பக்கத்தில் யாருமே இல்லை. பந்து இறங்குவதைப் பார்த்துக்கொண்டே காலை நீட்டினேன். லேஸ் மேல் ‘டப்’பென்று மோதி, நேராக எதிரணி ஆட்டக்காரரின் மார்புக்குப் போய்ச் சேர்ந்தது. அடுத்த சில நொடிகளில் கோல். தோற்றோம். குழுவில் ஒருவர்கூடத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை போல இருந்தது.

இத்தனைக்கும் ஜக்ளிங், அதாவது பந்து தரையில் விழாமல் காலால் தொடர்ந்து தட்டுவது, 70, 80 வரை போவேன். அப்புறம் ஏன் மேலிருந்து வரும் பந்து மட்டும் நிற்க மாட்டேன் என்கிறது? எப்படிப் பயிற்சி செய்வது? எங்கள் அடுக்குமாடி புளோக்குக் கீழே பந்து விளையாடக் கூடாது என்று பலகையே இருக்கிறது, அதனால் திடலுக்குத்தான் போக வேண்டும். கூட வர ஆளும் கிடையாது.

ஈசூன்_இடதுகால் · ஞாயிறு, இரவு 11:15

80 போதாது தம்பி, 300 வரை போங்கள். நான் தேசிய சேவையில் இருந்தபோது முகாமில் தினமும் அரைமணி நேரம் தட்டுவேன். பந்து காலின் எந்த இடத்தில் பட்டால் எங்கே போகும் என்பது உடம்புக்கே தெரிந்துவிடும். 1989இல் மியூனிக்கில் ஆட்டத்துக்கு முன்னால் மரடோனா பந்தைத் தட்டிக்கொண்டே உடம்பைச் சூடேற்றும் காட்சியைத் தேடிப் பாருங்கள். லேஸ்கூடக் கட்டாமல் தட்டுவார். அந்தப் பழக்கம் இருந்தால் எந்தப் பந்தும் நிற்கும்.

பழைய_காலாங் · திங்கள், காலை 6:50

ஈசூன் சொல்வதில் பாதியைத்தான் ஒப்புக்கொள்வேன். நான் 20 வருடம் ஆடியவன், அப்புறம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவன். ஜக்ளிங்கில் கெட்டிக்காரர்களாக இருந்து, ஆட்டத்தில் உயரப் பந்து வந்தால் தடுமாறும் பையன்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

காரணத்தைக் கணக்காகவே சொல்கிறேன். ஜக்ளிங்கில் பந்து காலிலிருந்து அரை மீட்டர் எழும்பும் என்று வைத்துக்கொள்வோம். அங்கிருந்து திரும்ப இறங்கும்போது அதன் வேகம் மணிக்கு ஏறக்குறைய 11 கிலோமீட்டர். கோல்காப்பாளர் உதைத்த பந்து 10 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால் மணிக்கு 50. இது காற்றின் தடையை விட்டுவிட்டுப் போட்ட கணக்கு. சேர்த்தால் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். அதோடு அந்தப் பந்து நேராகக் கீழே மட்டும் வருவதில்லை, முன்னோக்கியும் பாய்ந்து வருகிறது. நீங்கள் 11இல் பழகிவிட்டு 50இல் பரீட்சை எழுதுகிறீர்கள்.

அடுத்தது இதைவிட முக்கியம். ஜக்ளிங்கில் உங்கள் வேலை பந்தை மேலே அனுப்புவது. அதற்குக் கணுக்கால் இறுகியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் பந்து தாறுமாறாகப் போகும். பந்தை இறக்கும்போது வேலை அப்படியே தலைகீழ். கணுக்கால் தளர்ந்து, கால் பந்தோடு சேர்ந்து கீழே வர வேண்டும். இரண்டுக்கும் அதே கால்தான், லேஸ் கட்டிய அதே இடம்தான். 80 தட்டிப் பழகிய கால், பந்து பட்டதும் யோசிக்காமல் மேலே தள்ளிவிடுகிறது. நேற்று உங்களுக்கு நடந்தது அதுவாகத்தான் இருக்கும்.

ஆளில்லாமல் தனியாகச் செய்யக்கூடிய பயிற்சி ஒன்று இருக்கிறது. இரண்டு கையாலும் பந்தைத் தலைக்கு மேல் ஒரு மீட்டர் எறியுங்கள். காலை முழங்கால் உயரத்துக்குத் தூக்கி, பந்தை அங்கேயே சந்தியுங்கள். தொட்ட கணத்திலிருந்து கால் பந்தோடு தரைவரை இறங்க வேண்டும். காதையும் தீட்டிக்கொள்ளுங்கள். ‘டப்’ என்று கேட்டால் கால் நின்றுவிட்டது, அல்லது எதிர்த்துப் போய்விட்டது. சரியாக இறங்கினால் துணிமூட்டையைக் கீழே வைத்த மாதிரி மெத்தென்று ஒரு சத்தம்தான் வரும். வலதில் 30, இடதில் 30. அது வந்தபிறகு இன்னும் உயரமாக எறியுங்கள், அப்புறம் நீங்களே மேலே உதைத்து இறக்குங்கள். உயரம் கூடக்கூடப் பழைய தவறு திரும்பி வரும், வரட்டும்.

மியூனிக் காட்சியைச் சொன்னதால் நானும் ஒன்று சொல்கிறேன். 1998 உலகக் கிண்ணக் காலிறுதி, மார்செய், நெதர்லாந்தும் அர்ஜென்டினாவும். ஆட்டம் முடியும் தறுவாயில் ஃபிராங்க் டி போர் தற்காப்பிலிருந்து உதைத்த நீளப் பந்தை நெதர்லாந்தின் தாக்குதல் ஆட்டக்காரர் பெர்காம்ப் ஓட்டத்திலேயே காலை உயர நீட்டி இறக்கினார். அடுத்த தொடுதலில் தற்காப்பு ஆட்டக்காரரைத் தாண்டினார், மூன்றாவதில் கோல். எல்லாரும் மூன்றாவதைப் பாராட்டுவார்கள். முதல் தொடுதலை மட்டும் வேகத்தைக் குறைத்துவைத்துப் பாருங்கள். பந்து அந்தக் காலில் மோதவே இல்லை, இறங்கி உட்காருகிறது.

நம் ஊரிலேயே வி. சுந்தரமூர்த்தி என்ற ஆட்டக்காரர் இருந்தார். 1993 மலேசியக் கிண்ணத்தில் புருணைக்கு எதிராக அவர் அடித்த கத்தரி உதை கோலைப் பழைய தேசிய விளையாட்டரங்கில் பார்த்தவர்கள் இன்றும் பேசுகிறார்கள். எனக்கு அதைவிடப் பிடித்தது, எப்படிப்பட்ட பந்து வந்தாலும் அவர் காலடியில் அது அடங்கிப்போகும் விதம்.

ஈசூன்_இடதுகால் · திங்கள், மதியம் 12:30

அண்ணே, கணக்கை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஜக்ளிங்கை ஒதுக்கிவிட வேண்டாம். என் வலது கால் ஒரு காலத்தில் சும்மா நிற்க மட்டும்தான் உதவும். ஜக்ளிங்கால்தான் ஒற்றைக் காலில் நின்று மற்றக் காலைத் தூக்கும் சமநிலை வந்தது. அது இல்லாதவருக்கு நீங்கள் சொன்ன பயிற்சியைச் செய்யவே வராது.

பழைய_காலாங் · திங்கள், மதியம் 12:55

உண்மை. அடித்தளம் அதுதான். தம்பிக்கு அடித்தளம் போட்டாகிவிட்டது, இனி மேலே கட்ட வேண்டும் என்பதுதான் என் பேச்சு.

சிலா_உதை · திங்கள், இரவு 9:20

நான் உயர்நிலைப் பள்ளியில் நான்கு வருடம் செப்பாக் தக்ராவ் (வலைக்கு மேலாகப் பந்தைக் காலால் அடித்து ஆடும் ஆட்டம்) ஆடியவள், இப்போது வாரம் ஒருமுறை பெண்கள் காற்பந்து. இரண்டையும் ஆடியதால் ஒன்று சொல்லத் தோன்றுகிறது.

தக்ராவில் பந்து தரையில் படவே கூடாது. ஆண்கள் ஆடும் பந்தின் சுற்றளவு ஏறக்குறைய 42 சென்டிமீட்டர், எடை 170 முதல் 180 கிராம். காற்பந்தோடு ஒப்பிட்டால் பாதி எடைகூட இல்லை. எதிரணி அடித்த பந்தை வாங்க முதலில் கற்றுக்கொடுப்பது செப்பாக் சிலா. சிலா என்றால் மலாயில் சம்மணம் போட்டு உட்காருவது. முழங்காலை வெளியே விரித்து, பாதத்தின் உள்பக்கத்தைக் கிடைமட்டமாகத் திருப்பி, சம்மணத்தில் பாதி போட்ட மாதிரி நிற்பீர்கள். அப்போது வானத்தைப் பார்த்து ஒரு தட்டு வைத்தது போலப் பாதத்தின் உள்பக்கம் இருக்கும்.

காற்பந்துக்காரர்கள் பலர் உயரப் பந்தை லேஸ் பகுதியிலேயே வாங்கப் பார்க்கிறார்கள். அங்கே எலும்பு, மேடுபள்ளம், லேஸ் முடிச்சு எல்லாம் இருக்கிறது. கொஞ்சம் தவறினாலும் பந்து திசைமாறும். உள்பக்கம் அகலம், சமதளம். நேரம் இருக்கும்போது உள்பக்கத்தில் வாங்கிப் பாருங்கள். இடுப்பு இறுக்கமாக இருந்தால் முழங்கால் விரியாது, அதற்குத் தினமும் இரண்டு நிமிடம் சம்மணம் போட்டு உட்கார்ந்து முழங்கால்களை மெதுவாக அழுத்திவிடுங்கள். அலுவலகத்தில் நாள் முழுக்க நாற்காலியில் இருப்பவர்களுக்கு இது ரொம்பவே தேவை.

இன்னொன்று, நிற்கும் கால். எல்லாரும் பந்தைத் தொடும் காலைப் பற்றியே பேசுகிறோம். நிற்கும் காலின் முழங்கால் விறைத்திருந்தால் மேலே எதுவும் தளராது. பந்து வருமுன் அந்த முழங்காலை மடக்கிக்கொள்ளுங்கள்.

செங்காங்_அம்மா · செவ்வாய், காலை 8:05

நடுவில் ஒரு கேள்வி. என் மகளுக்கு 9 வயது, தொடக்கநிலை 3. காற்பந்து என்றால் உயிர். உயரப் பந்து வந்தால் பயந்து கண்ணை மூடிக்கொள்கிறாள். ஒரு பெரியவர் “தலையால் முட்டப் பழகு, பயம் போய்விடும்” என்றார். எனக்கு மனமில்லை. என்ன செய்யலாம்?

பழைய_காலாங் · செவ்வாய், காலை 8:40

தங்கச்சி, உங்கள் மனம் சொல்வதுதான் சரி. அமெரிக்கக் காற்பந்துக் கூட்டமைப்பு 2015இலேயே 10 வயதுக்கும் அதற்குக் கீழும் தலைமுட்டு வேண்டாம் என்று அறிவித்தது. 2020இல் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வட அயர்லாந்து சங்கங்களும் தொடக்கப்பள்ளி வயதுப் பிள்ளைகளுக்குப் பயிற்சியில் தலைமுட்டு கூடாது என்று வழிகாட்டின. 9 வயதில் தலைமுட்டு தெரியாததால் அவளுக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

கண்ணை மூடுவதற்குக் காரணம் பந்து வலிக்கும் என்ற எண்ணம். அதை எடுத்துவிடுங்கள். முதலில் பலூன், வீட்டுக்குள்ளேயே. தொடையால், பாதத்தால் தரையில் விழாமல் தட்டட்டும். பலூன் மெதுவாக இறங்குவதால் கண் திறந்தே இருக்கும், உடம்பை அதற்கு அடியில் கொண்டுபோகவும் பழகுவாள். அப்புறம் கடற்கரைப் பந்து, அப்புறம் பிள்ளைகளுக்கான 4ஆம் அளவுப் பந்து. எறிவது நீங்களாக இருங்கள். அம்மா எறிந்தால் பயம் பாதி குறையும்.

செங்காங்_அம்மா · செவ்வாய், இரவு 9:50

இன்றைக்கே பலூன் வாங்கிவிட்டேன். வரவேற்பறையில் தம்பியும் சேர்ந்துகொண்டான். கண் திறந்துதான் இருந்தது. நன்றி அண்ணா.

குமரிக்கரை · புதன், இரவு 11:05

வணக்கம். நான் கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரை ஊர். இங்கே கட்டுமான வேலை, தங்குவிடுதியில் இருக்கிறேன். எங்கள் பக்கம் கடலுக்குப் போகாத நேரமெல்லாம் மணலில் பந்துதான். மணலில் பந்து எழும்பாது, அதனால் தரையில் விழவிட்டு அடக்கும் பேச்சே இல்லை. காற்றிலேயே வாங்கியாக வேண்டும். வெறுங்கால். பந்து பாதத்தில் எங்கே படுகிறது என்பது தோலுக்கே தெரியும். தெம்பனிஸ் அண்ணன் பத்து நிமிடம் வெறுங்காலோடு, காற்றுக் குறைந்த பந்தால் பழகிப் பார்க்கலாம். புல் திடலில் மட்டும், கீழே கல் கண்ணாடி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு.

பழைய காலாங் அண்ணன் சொன்ன ‘காலும் சேர்ந்து இறங்க வேண்டும்’ என்பதற்கு நான் பார்த்த ஒன்று. ஊரில் கொத்தனார் வேலையில் கீழே இருப்பவர் செங்கல்லை மேலே எறிவார், சாரத்தில் நிற்பவர் பிடிப்பார். புதிதாக வந்தவர் கையை விறைப்பாக நீட்டிக் கல்லை நிறுத்தப் பார்ப்பார். அரைமணி நேரத்தில் உள்ளங்கை சிவந்துவிடும். பழகியவர் கல் வரும் திசையிலேயே கையையும் கூட்டிக்கொண்டு போவார். கை கல்லோடு ஒரு முழம் போகும், கல் தானாக நின்றுவிடும். பந்துக்கும் காலுக்கும் அதுவேதான்.

சிலா_உதை · புதன், இரவு 11:30

செங்கல் உதாரணத்தை எங்கள் குழுவில் நாளைக்கே சொல்லப்போகிறேன். இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

தெம்பனிஸ்_ரைட்பேக் · இரண்டு வாரம் கழித்து, சனி, காலை 10:20

சொன்னதையெல்லாம் செய்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன். வாரத்தில் நான்கு நாள், காலை ஆறே முக்காலுக்குப் புளோக்குக்குப் பின்னால் இருக்கும் திடல். வெயில் ஏறுமுன் 25 நிமிடம்.

முதல் மூன்று நாள் வெறும் ‘டப் டப்’. நான்காவது நாள் வெறுங்காலோடு, பந்தில் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட்டுச் செய்தபோதுதான் ஒன்று புரிந்தது. பந்து தொட்ட பிறகுதான் நான் காலை இறக்கத் தொடங்குகிறேன். அது தாமதம். தொடுவதற்கு ஒரு கண் இமைப்பு முன்பே கால் இறங்க ஆரம்பித்திருக்க வேண்டும். ஏழாவது முயற்சியோ எட்டாவதோ, பந்து பாதத்தின் மேல் வந்து ஒட்டிக்கொண்ட மாதிரி, என் காலோடு சேர்ந்து புல்லில் இறங்கியது. சத்தமே இல்லை. புல்லில் இருந்த பனித்துளி பந்தில் ஒட்டியிருந்ததைக்கூடப் பார்த்தேன், அவ்வளவு அசையாமல் கிடந்தது. அங்கேயே நின்று கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தலைக்கு மேல் ஒரு மீட்டர் எறிந்தால் இப்போது பத்துக்கு எட்டு நிற்கிறது, இடதில் ஐந்து. நானே உயரமாக உதைத்து இறக்கினால் பத்துக்கு மூன்றுதான். ஆட்டத்தில் இன்னும் மாற்றம் தெரியவில்லை. போன ஞாயிறும் ஒன்று ஓடிவிட்டது.

பழைய_காலாங் · சனி, காலை 11:00

இரண்டு வாரத்தில் பத்துக்கு மூன்று என்றால் நல்ல முன்னேற்றம். ஆட்டத்தில் ஓடிய பந்தைப் பற்றிச் சொல்லுங்கள். அது வரும்போது எங்கே நின்றீர்கள்?

தெம்பனிஸ்_ரைட்பேக் · சனி, காலை 11:25

யோசித்துப் பார்த்தால், நின்ற இடத்திலிருந்து காலை நீட்டித்தான் வாங்கினேன். உடம்பு பந்துக்கு அடியில் இல்லை. எனக்குப் பின்னால் ஒருவர் ஓடிவருவதும் கடைசியில்தான் தெரிந்தது.

பழைய_காலாங் · சனி, மதியம் 12:10

அப்படியானால் குறை காலில் இல்லை. காலை நீட்டி வாங்கினால் கால் இறங்குவதற்கு இடமே இருக்காது, நீட்டிய கால் விறைத்துப்போகும். முதலில் போய்ச் சேருங்கள், அப்புறம் வாங்குங்கள்.

10 மீட்டர் உச்சியிலிருந்து பந்து இறங்க ஏறக்குறைய 1.4 நொடி ஆகும். மேலே ஏறும் நேரத்தையும் சேர்த்தால் இரண்டரை நொடிக்கு மேல் உங்கள் கையில் இருக்கிறது. பந்து உச்சிக்குப் போகும்போது அதையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். அந்த நேரத்தில் ஒருமுறை தோளுக்கு மேல் பின்னால் பாருங்கள். ஆள் இருந்தால் ஒரு பக்கம், இல்லாவிட்டால் மறுபக்கம் என்று முடிவு செய்துகொண்டு, சின்னச் சின்ன அடியாக வைத்து அடியில் போய் நில்லுங்கள். 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்தை ஒவ்வொரு முறையும் காலடியில் செத்துப்போக வைக்க யாராலும் முடியாது. ஆனால் அது எந்தப் பக்கம் ஒரு மீட்டர் போக வேண்டும் என்பதை நீங்கள் முடிவு செய்யலாம். உங்களுக்கு வேண்டிய பக்கம் ஒரு மீட்டர் போனால் அது நல்ல தொடுதல்தான்.

தொடையையும் மார்பையும் மறந்துவிடாதீர்கள். தொடையில் சதை இருக்கிறது, பந்து அங்கே பாதிதான் எழும்பும். ஆள் நெருக்கும்போது நான் தொடையில் வாங்கித்தான் பிழைத்தேன்.

ஈசூன்_இடதுகால் · சனி, மதியம் 1:30

பந்தில் காற்று எவ்வளவு அடிக்கிறீர்கள் என்றும் பாருங்கள். எங்கள் குழுவில் ஒருவர் பந்தைக் கல் மாதிரி அடித்துக் கொண்டுவருவார். விதிப்படி 0.6 முதல் 1.1 வளியழுத்தம் வரை இருக்கலாம், பெரிய இடைவெளி அது. செயற்கைப் புல் காய்ந்திருக்கும்போது 1.1இல் அடித்த பந்து முயல் மாதிரி எகிறும். காற்றழுத்த அளவி ஒன்று வாங்கி வைத்துக்கொண்டால் சண்டையே இல்லை. ஃபுட்சால் (சிறிய திடலில் ஐவர் ஆடும் காற்பந்து) பந்தில் பழகிவிட்டு வருபவர்களும் கவனியுங்கள். அதை 2 மீட்டரிலிருந்து போட்டால் 50 முதல் 65 சென்டிமீட்டர்தான் எழும்ப வேண்டும் என்பது விதி. அதில் நின்ற பந்து பெரிய திடலில் நிற்காது.

குமரிக்கரை · ஞாயிறு, இரவு 10:15

மழைக்குப் பிறகு என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லையே. இன்று ஃபேரர் பார்க் பக்கம் ஆடினோம், மழை விட்டதும். ஈரப் பந்து லேஸ் மேல் வழுக்குகிறது. நான் உள்பக்கத்தில்தான் வாங்கினேன், அதுவும் விழுந்து எழும்பும்போது பாதத்தைக் கூரை மாதிரிச் சாய்த்து மூடி. பாதத்துக்கும் தரைக்கும் நடுவில் பந்து வெளியே போக வழியே இருக்கக் கூடாது.

தெம்பனிஸ்_ரைட்பேக் · மேலும் மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 9:35

இன்றைய ஆட்டத்தில் நான்கு உயரப் பந்து வந்தது. எண்ணிக்கொண்டே ஆடினேன். ஒன்று ஓடிவிட்டது. இரண்டு சுமார். நான்காவது, இரண்டாம் பாதியில். பந்து மேலே இருக்கும்போதே திரும்பிப் பார்த்தேன், இடப்பக்கம் ஆள் வருகிறார். நாலைந்து சின்ன அடி வைத்து அடியில் போனேன். வலது தொடையில் வாங்கி, கோட்டுப் பக்கமாக ஒரு மீட்டர் விழவிட்டு, அது இரண்டாவது முறை எழும்புமுன் நடுத்திடலுக்குக் கொடுத்துவிட்டேன். யாரும் கைதட்டவில்லை, ஆட்டம் அப்படியே போய்க்கொண்டிருந்தது. எனக்கு மட்டும் காதெல்லாம் சூடாகிவிட்டது.

இடது கால் இன்னும் பின்தங்கியே இருக்கிறது. நானே எறிந்து நானே வாங்கினால் எங்கே விழும் என்று முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. வேறொருவர் எறிய வேண்டும் என்று நினைக்கிறேன்.

பழைய_காலாங் · ஞாயிறு, இரவு 10:05

நான் பிடோக்கில்தான் இருக்கிறேன். முழங்கால் தேய்ந்துவிட்டது, ஓட முடியாது, ஆனால் கை நன்றாக இருக்கிறது. சனிக்கிழமை காலை 7 மணி, உங்கள் புளோக்குத் திடல். இடது காலுக்கு மட்டும் 50 எறிகிறேன். மின்னல் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் அடுத்த சனி.

குமரிக்கரை · ஞாயிறு, இரவு 10:20

அண்ணே, சனிக்கிழமை எனக்கு வேலை. ஞாயிறு வைத்தால் நானும் வருவேன்.

பழைய_காலாங் · ஞாயிறு, இரவு 10:22

அப்படியானால் ஞாயிறே. 7 மணி.